அடுப்படிக்கும் அதே மார்க்

ஜனவரி 6, செவ்வாய்

கணவாய்க் காற்று. காலையிலிருந்து ஓடெல்லாம் தடதட. கொடியில் காயப்போட்ட பாப்பாவின் துணி பக்கத்து வயலில். நல்லேப்பிள்ளி ஊர் முழுக்கத் தூசி. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. எட்டு மாதம், அழ மட்டும்தான் தெரியும்.

சித்தூர் ஆபீசில் புது வேலை. கம்பம்மெட்டு மலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள். பெரிய டிராஃப்ட்ஸ்மேன் ரங்கசாமி சார் பழைய வாளையார் குவார்ட்டர்ஸ் வரைபடத்தை என் மேஜையில் விரித்தார். இதையே அடியில் வைத்து ட்ரேஸ் பண்ணிவிடு, கதவு ஜன்னலுக்கெல்லாம் அங்கே உள்ள அதே மார்க் என்றார். வசதிதான். காற்றுத் துளைக்கு வி-1 என்று எழுதினால் போதும், மற்றதை மூலையில் உள்ள அட்டவணை சொல்லிவிடும். வி-1 என்றால் சுவர் உச்சியில் சிமெண்ட் சல்லடை, மூடக் கதவு கிடையாது.

பி.எஸ்ஸி. படித்தது இதற்கு. கை இங்கே, மனசு தொட்டிலில்.

வாங்க: கிரைப் வாட்டர், மண்ணெண்ணெய், பிளேடு, அத்தைக்கு வெற்றிலை.

ஜன. 8, வியாழன்

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பாப்பாவுக்கு நெஞ்சு கரகர. தொட்டிலுக்கு நேர் மேலே இருக்கும் சுவர்த் துளையில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்தேன். கொஞ்சம் தணிந்தாள்.

ஆபீசுக்குத் தோட்டத்து சூப்பர்வைசர் வந்திருந்தார், அருளப்பன் என்று பெயர். பஸ் மாறி மாறி வந்த களைப்பு, சட்டையில் ஏலக்காய் வாசம். என் தாளைக் குனிந்து பார்த்தவர் அந்த வி-1 மேல் விரலை வைத்தார். போன வருஷம் கட்டிய லயத்திலும், அங்கே வரிசை வீட்டுக்கு அதுதான் பெயர், இதே சல்லடைதானாம்.

"மேகம் அப்படியே உள்ள வருதும்மா. சாக்கு, கம்பளி, கெடச்சதயெல்லாம் அந்த ஓட்டையில திணிச்சி வச்சிருக்காவ. படுக்க எடத்துல பச்சப்பிள்ளயெல்லாம் ராப்பூரா இருமுது."

ரங்கசாமி சார் சிரித்தார். "மலைன்னாக் குளுரத்தானுங்க செய்யும். அதுக்கு வரைபடம் என்னுங்க பண்ணும்?"

அருளப்பன் சிரிக்கவில்லை. "இதுல எழுதியிருந்தா ஆசாரி செய்வான் சார். எழுதலைன்னா நான் தொண்ட கிழியக் கத்தினாலும் செய்ய மாட்டான்."

டீ வந்தது. குடித்துவிட்டுப் போய்விட்டார். என் சேலை நினைவுக்கு வந்தது. ஒன்றும் ஓடவில்லை அப்புறம்.

ஜன. 9, வெள்ளி

கேட்டேவிட்டேன். அட்டவணையில் வி-1க்குப் பக்கத்தில் பலகைக் கதவு என்று சேர்த்துவிடலாமா சார்?

முடியாது என்றார். அட்டவணை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். வாளையாரில் இன்னும் கட்ட வேண்டிய வீடு பாக்கி. இங்கே ஒரு வரி மாற்றினால் அந்தக் கொதிக்கிற ஊரிலும் கதவு போட்டு அடைத்துவிடுவார்கள். புது மார்க்தான் வழி, வி-2. தாளில் ஒவ்வொரு வீட்டிலும் பழைய மையைச் சுரண்டி எழுத வேண்டும். திங்கட்கிழமை எஞ்சினியர் கையெழுத்து, உடனே பிரிண்ட்.

"சொரண்டறதுன்னா நீயே சொரண்டு புள்ள. எஞ்சினியர் கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லிப் போடாதே."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதக் கடைசியில் எழுதி அனுப்புவதாக ரங்கசாமி சார் சொல்லியிருக்கிறார். அவர் தயவு, எஞ்சினியர் தயவு.

பாப்பா பால் குடிக்கவில்லை.

ஜன. 10, சனி

நாள் முழுக்கச் சுரண்டல். பிளேடைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்து, மை மட்டும் வருகிற மாதிரி. அப்புறம் நகத்தால் தேய்த்து, வி-2. பாதிக்கு மேல் கண் பார்க்கவில்லை, கை பார்த்துக்கொண்டது. முன் அறை, பின் அறை, அடுத்த வீடு, முன் அறை, பின் அறை. அட்டவணையில் வி-2, பலகைக் கதவோடு என்று ஒரு வரி சேர்த்து முடித்தேன். கழுத்து போய்விட்டது.

வாளையார் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து இவர் வந்துவிட்டார். சொன்னேன். நகல் எடுக்கத்தானே சம்பளம், உனக்கெதற்கு ஊர் வம்பு என்றார். பாப்பாவைத் தோளில் போட்டு நடந்துகொண்டே சொன்னதால் கோபம் வரவில்லை.

ஜன. 11, ஞாயிறு

காற்று அடங்கவே இல்லை. அடுப்படித் துளை வழியாகவும் தூசி. அதற்கும் ஒரு துணி. அத்தை கோவிலுக்குப் போயிருந்தார், வந்து அடுப்பு மூட்டினார். கொஞ்ச நேரத்தில் வீடே புகை. பாப்பா இருமி இருமி முகம் சிவந்து... தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே துணியை உருவி வீசினார். "ஏனம்மிணி, அடுப்புக்குமா குளுருது? பொகை எந்தப் பக்கமாப் போவோணும்?"

இவர் சிரித்தார். எனக்கு வரைபடம் நினைவுக்கு வந்தது. பின் அறை. லயத்தில் பின் அறைதான் அடுப்படி. அதற்கும் வி-2 போட்டு வந்திருக்கிறேன், எல்லா வீட்டிலும். குளிரில் அவர்கள் மூடித்தான் வைப்பார்கள். பிள்ளைகள் புகையில் கிடக்கும், அதுவும் என் கையெழுத்தில்.



ஜன. 12, திங்கள்

முதல் பஸ்ஸில் சித்தூர். ஆபீஸ் திறக்கும் வரை வாசலில் நின்றேன். அடுப்படிகளைத் திரும்பச் சுரண்டி வி-1. ஒரே இடத்தில் இரண்டாம் தடவை. தாள் வெங்காயச் சருகு மாதிரி. மற்றவை தாங்கின. கடைசி வீட்டில் கிழிந்தேவிட்டது. பின்னால் டேப் ஒட்டினேன். அதன்மேல் மை நிற்கவில்லை. ஓரத்தில் முழுசாகவே எழுதினேன்: இது அடுப்படி, சல்லடை திறந்தே இருக்க வேண்டும்.

எஞ்சினியர் வந்தார். முதலில் கண்ணில் பட்டது அந்த ஒட்டுதான். பிறகு அட்டவணையில் புது வரி. வி-2 யார் சொன்னது என்று கேட்டார். ரங்கசாமி சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

நான்தான் சார் என்றேன். படுக்கிற அறைக்கு மட்டும் கதவு, அடுப்படிக்கு வேண்டாம் என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்துக்காரர் செலவு கேட்டால் நீயே பதில் சொல்லு என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வேலை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிரிண்ட் போய்விட்டது. ஒட்டு கறையாகத்தான் விழுந்திருக்கிறது, பக்கத்தில் எழுதியது படிக்க வருகிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

வீட்டில் தொட்டிலை மூலைக்கு மாற்றியிருக்கிறார் அத்தை. பழைய இடத்துத் துளையில் சேலை அப்படியே. அடுப்படித் துளை திறந்து, காற்று உள்ளே. பாப்பா தூங்குகிறாள், கரகர இன்னும் கொஞ்சம். நாளை பிளேடு வாங்க வேண்டும்.