படுக்கைக் குளியல் பரீட்சை

அங்கிள்,

இன்று எங்கள் வாட்டில் ஒரு மாணவிக்குச் செயன்முறைப் பரீட்சை. நோயாளியைக் கட்டிலிலேயே குளிப்பாட்டி, முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டாள். அந்த மணம் வந்ததும் கையிலிருந்த மருந்துத் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நானும் இப்படி மாணவியாக இருந்தபோது வாரத்துக்கு இரண்டு பரீட்சை. ஒன்றுக்குப் படித்தால் மற்றது மறந்துபோகும். இந்தக் குளிப்பாட்டலில் மட்டும் இரண்டு முறை பெயில். மூன்றாவதும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்போதுதான் நீங்கள் சர்க்கரைப் புண் வந்த காலோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எங்கள் வாட்டில் படுத்திருந்தீர்கள். உங்கள் கட்டிலடியில் நின்று நான் மனப்பாடம் செய்ததைக் கேட்டுக் கேட்டே குளிப்பாட்டலின் எல்லாப் படிகளையும் பாடமாக்கிவிட்டீர்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், பிழை பிடிக்காமல் விடுவீர்களா? "துவாயை விட்டிட்டீங்க, மிஸ்" என்பீர்கள். பரீட்சைக்கு ஒரு நோயாளி வேண்டும் என்றபோது, "என்னையே போடுங்க" என்றதும் நீங்கள்தான்.

அன்று டியூட்டர் மேடம் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். உங்கள் மேலுதட்டில் வியர்வை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பார்த்தேன், அங்கிள். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய படி வந்ததும் கேட்டேன்.

"எங்கயும் நோகுதா, அங்கிள்?"

"இல்ல மகள். நீங்க செய்யுங்க."

வியர்வையையும் முகத்தோடு சேர்த்துத் துடைத்தேன். பாஸ். மத்தியானம் எழுத்துப் பரீட்சை இருந்தது. உங்களுக்கு நன்றிகூடச் சொல்லாமல் பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பின்னேரம் வந்தபோது உங்கள் கட்டிலில் புது விரிப்பு. நான் போன கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்தபடி போய்விட்டீர்களாம். பக்கத்துக் கட்டில்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "விடியவே நெஞ்சு நோகுது எண்டவர். நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடவா எண்டு கேட்டன். அந்தப் பிள்ளைட சோதினை முடியட்டும் எண்டிட்டார்."

ஓயாமல் பரீட்சை வைத்து, மனிதரைப் படிகளாகப் பார்க்கப் பழக்கியவர்கள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம். உங்கள் மேலும்தான். அப்படியொரு உதவியை யார் உங்களிடம் கேட்டது? என் மேல் இருப்பதைக் கோபம் என்று சொன்னால் போதாது.

இப்போது யார் "நோகவில்லை" என்றாலும் நான் நம்புவதில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. கவனமான நர்ஸ் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அன்றைய புள்ளித் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பல படிகளில் எனக்குப் புள்ளி குறைந்திருக்கிறது. நோயாளிக்கு நோவு உண்டா என்று கேட்டறிந்ததற்கு மட்டும் முழுப் புள்ளி.