நாலு டிஸ்க்கும் உன் சத்தமும்

நம் பதிவெல்லாம் இருக்கிற நாலு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி ஓட்ட நீ அடம்பிடித்து வாங்கிய ரெய்டு கார்டு மேசையில் கிடக்கிறது. முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. நம் ஸ்டூடியோவுக்கும் துறைமுகத்து உப்புக் காற்றுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தானே. போன வாரம் கம்ப்யூட்டரைப் போட்டேன், கார்டில் விளக்கே எரியவில்லை.

இதை வாங்கிய அன்றைக்கே உன்னிடம் தொண்டை கிழியக் கத்தினேன். கார்டே வேண்டாம், நாலு டிஸ்க்கையும் சாஃப்ட்வேரிலேயே சேர்த்துக் கட்டுவோம், மெஷின் போனாலும் வேறொன்றில் சொருகிப் படத்தை எடுத்துவிடலாம் என்றேன். நீ கேட்டாயா? "ஏலே, கரண்டு போனா ஒன் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? இந்தக் கார்டுல பேட்டரி இருக்கு, பாதியில நின்னதக் காப்பாத்தும்" என்றாய். ஒரு கல்யாணப் பதிவு அப்படிப் பாழானதில் உனக்கு ஆறாத எரிச்சல். சரி, தொலையட்டும் என்று விட்டேன். இப்போது பார், டிஸ்க்குகளுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் திறக்க முடியவில்லை. உன் கார்டு எழுதியதை அதே வகைக் கார்டுதான் படிக்குமாம்.

அந்த நேரம் பார்த்து உன் மகள் வந்தாள். நீ இல்லாமல் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். "அப்பா சத்தம் எங்கயாவது இருக்கா சித்தப்பா?" என்று கேட்டாள். நீ எப்போதும் கேமராவுக்குப் பின்னால். வாட்ஸ்அப்பிலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. படம் பிடிக்கும்போது நீ பேசியதையெல்லாம் எடிட்டிங்கில் வெட்டுவதுதான் என் வேலை. வெட்டாத பதிவு இருப்பது இந்த நாலு டிஸ்க்கில் மட்டும்.

அதே மாடலில் பழைய கார்டு ஒன்று சென்னையிலிருந்து இன்று வந்தது. உன் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொருகினேன். டிஸ்க்கில் பழைய அமைப்பு இருக்கிறது, ஏற்கவா, அழிக்கவா என்று திரை கேட்டது. படுபாவிகள், இரண்டையும் இப்படியா பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்? உன்னைத் திட்டிக்கொண்டே 'ஏற்க' என்பதை அழுத்தினேன்.

திறந்தது. சாயர்புரத்துக் கல்யாணம் ஒன்று. கோயிலுக்குக் கிளம்புகிற பெண் தேம்புகிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து உன் சத்தம்: "ஏளா, அழாத. அப்பாவப் பாத்து ஒரு சிரி சிரி."

உன் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "இன்னொருக்கா போடுங்க சித்தப்பா" என்றாள்.

எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிகிறவரை இந்தக் கிழட்டுக் கார்டு தாங்குமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். இனிமேல் சாஃப்ட்வேர்தான், நீ ஒன்றும் சொல்ல முடியாது. செத்த கார்டை மட்டும் எறிய மனம் வரவில்லை. உன்னோடு சண்டை போட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?