செங்கொடி வயலை விட்டுப்போன விமானம்

பிப். 9, வியாழன்
பெங்களூரு. நல்ல குளிர். மகன் குமார் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறான். மருமகளுக்கும் வேலை. பூட்டிய வீட்டுக்குள் நானும் டி.வி.யும். பெண்டாட்டி மரகதம் செத்த பிறகு சொந்த ஊர் வலங்கைமானிலும் இதே கதைதான், பேச ஆளில்லை. இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும்: நான் இங்கேயே இருந்துவிடட்டுமா?
வாங்க வேண்டியவை: தைலம், சவர பிளேடு.

பிப். 10, வெள்ளி
விமான மியூசியம். குமார் வாசலில் இறக்கிவிட்டான். "நிதானமா சுத்திப் பாருங்கப்பா. சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்." டிக்கெட் கிழிப்பவருக்குத் தமிழ் தெரியாது.

ராக்கெட், செயற்கைக்கோள், எல்லாம் பெரிசு. கழுத்து வலி. ஒரு மூலையில் மஞ்சள் விமானம், வயலுக்கு மருந்தடிப்பது. அடேயப்பா, நீயா!

புகையான் பூச்சி விழுந்த வருஷம் எங்கள் ஊரில் பறந்தது இதே ஜாதி. அப்போது மிராசுதாரோடு தகராறு. நிலம் எங்களுடையது என்று நாலு மூலையிலும் செங்கொடி நட்டிருந்தோம். மருந்து வேண்டாத வயலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லித் தண்டோரா போட்டார்களாம். எங்களுக்கு எங்கே காதில் விழுந்தது, எல்லாரும் விவசாயச் சங்கக் கூட்டத்தில். விமானம் ஊரெல்லாம் அடித்துவிட்டு எங்கள் வயல் வந்ததும் மருந்தை நிறுத்திக்கொண்டு போயே போய்விட்டது. மரகதம் வரப்பில் ஓடினாள், முந்தானையை வீசிக்கொண்டு. "யோவ், இதுவும் வயலுதான்யா! இங்கயும் அடிச்சிட்டுப் போய்யா!"

பயிர் மொத்தமும் போச்சு. அழுதாள். பட்டா கைக்கு வந்த பிறகு இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இன்று அதன் எதிரில் நின்று நானும் சிரித்தேன். "பாத்தியா மரகதம்" என்று பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் குமாரிடம் சொல்ல ஆரம்பித்தேன். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்பா, டிராபிக்." வீட்டில் அவனுக்கு ஆபீஸ் வேலை.

பிப். 11, சனி
மேகமூட்டம். கால் வீக்கம். இட்லி, காரச்சட்னி. மருமகளிடம் நன்றாயிருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாயிருந்தது.

குமார்: "மியூசியமும் பாத்துட்டீங்க. இனிமே இங்க பாக்கறதுக்கு என்னப்பா இருக்கு?"

"உன்னைப் பாக்கத்தான்டா வந்தேன். இங்கயே இருந்துடட்டுமா?"

கேட்டே விட்டேன்.

மருமகள் தண்ணீர் எடுக்க எழுந்துபோனாள். குமார் தட்டைப் பார்த்தபடியே: "நாளைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா. ஜன்னலோர சீட்டு."