மருந்துக்குப் பணியாத உருண்டைக் கிருமி

இன்று காலை இன்குபேட்டரைத் திறந்ததும் குப்பென்று அந்தத் தொழுவத்து வாடை. நமக்கென்ன புதிதா? ஆனால் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு "உவ்வே" என்று கிண்டல் செய்ய நீ இல்லை. நீ போன பிறகு இந்த ஒரத்தநாட்டு ஆய்வுக்கூடத்தில் நான் வாய் திறப்பதே குறைந்துவிட்டது.

உன் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் வந்தபோது, வீக்கம் வற்றியதும் உன் வீட்டுக்காரர் ஊசியைப் பாதியில் நிறுத்தி, மிச்ச மருந்தை அடுத்த மாட்டுக்கென்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். நம் பக்கத்தில் யார்தான் அப்படிச் செய்வதில்லை! மறுபடி வீங்கியதும் பாலைக் கொண்டுவந்தாய். அதை மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் தடவி வைத்ததில், பொட்டுப் பொட்டாக, மிக மெதுவாக ஏதோ வளர்ந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குச்சி குச்சியாக இருக்கவேண்டிய கிருமி உருண்டை உருண்டையாக இருந்தது.

"வேற ஏதோ கலந்துடுச்சுடி, தூக்கிப் போடு" என்றேன்.

"இருடி அவசரக்குடுக்கை! அதே கிருமிதான். மருந்துகிட்டேருந்து தப்பிக்க உடம்பையே மாத்திக்கிட்டிருக்கு. அதான் வளர முடியாம திணறுது."

சோதித்தோம், அதேதான். மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். அதனால் மருந்து பலிக்கவில்லை. ஆனால் உருவமும் வேகமும் கெட்டுப்போயிருந்தன. மருந்தில்லாமல் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் பழையபடி குச்சியாகி, மருந்துக்கும் பணிந்துவிடும் என்றேன். "வேகம் திரும்பும். எதிர்ப்பை மட்டும் விடாது, பாரேன்" என்றாய். யார் சொன்னது சரி என்று தெரிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. தினமும் மருந்தில்லாத புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி நான் ஒருத்தியே வளர்த்தேன்.

இன்று தட்டு நிறைய மளமளவென்று வளர்ந்திருக்கிறது. உருவம் இன்னும் உருண்டைதான். நடுவில் வைத்த மருந்து வில்லைக்குப் பயந்து விலகாமல், அதை ஒட்டிக்கொண்டே நிற்கிறது, சனியன்.

கை தானாக உன் எண்ணை அழுத்திவிட்டது. உன் வீட்டுக்காரர் எடுத்தார். உன் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார், பாவம். வயலில் நின்றார் போலிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப மருந்தை நிறுத்துனாலும் அது போகாதுங்களா?"

"போகலைங்க. அவ சொன்னதுதான் சரி."

அவர் மோட்டாரை நிறுத்துவது கேட்டது. பிறகு, "அடுத்து எதைப் பாத்தாலும் இந்த நம்பருக்கே சொல்லுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். உன்னோடு சண்டை போட்டால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது, எதிர்க்கட்சிக்குத்தான் ஆளில்லை. அதனால் உன் பக்கத்தையும் நானே பேசிக்கொள்கிறேன். என்ன பேசினாலும் நீ பேசுகிற மாதிரி இல்லையடி.