பழுது பார்த்தது நான், கேக் உன் வீட்டுக்கு

என் நவாஸ்,

பொறாமைக்காரன் எழுதுகிறேன். "நலமா" என்று தொடங்குவதுதான் முறை. மையவாடி மண்ணுக்குள் படுத்திருக்கிறவனிடம் அதை எப்படிக் கேட்பது? நீ நலமாகத்தான் இருப்பாய். உயிரோடு இருந்தபோதும் உனக்கு ஒரு குறையும் வந்ததில்லை, வந்ததெல்லாம் எனக்குத்தான்.

கொட்டாஞ்சேனைக் கராஜ் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கேற்றுக்குள் கார் வரும், கண்ணாடி இறங்கும், முதல் கேள்வியே "நவாஸ் இல்லையா?" நீ மௌத்தாகிவிட்டாய் என்று சொன்னதும் முகம் தொங்கிப்போகும். கிறீஸ் பூசிக்கொண்டு முன்னால் ஒருவன் நிற்கிறானே, அவனும் இந்தக் கராஜின் பங்காளிதான் என்று எவருக்காவது தோன்றுகிறதா? பலர் அப்படியே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான்.

சனத்தைச் சொல்லியும் குற்றமில்லை. நாம் பிரித்துக்கொண்ட வேலை அப்படி. எச்சரிக்கை லைட் எரிகிற கார் வந்தால் நீ முன்சீட்டில் ஏறி ஸ்கேனரைச் செருகுவாய். கியர்பொக்ஸின் கம்ப்யூட்டர் என்ன பிழைக் கோட் வைத்திருக்கிறது என்று பார்த்து, மூன்று பாஷையிலும் சிரித்துச் சிரித்து விளக்குவாய். பிறகு நான் கீழே படுத்து அந்தப் பொக்ஸை இறக்கி, பிரித்து, திரும்ப ஏற்றுவேன். நீ ஏசியில், நான் எண்ணெயில். கார் ஓடினால் "நவாஸ் பார்த்தது" என்பார்கள். உன் ஜனாஸாவுக்கு எவ்வளவு சனம்! ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிப் பேருடைய காரிலிருந்து பொக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கியவன் நான். அழுகையோடு எரிச்சலும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறாரே, பாங்கில் வேலை செய்யும் சாரதா, அவர் போன மாதம் காரோடு வந்தார். டாஷ்போர்டில் கியர் எழுத்து மினுங்குகிறது. பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி, யாருக்கும் விளங்காது. காலிக்குப் போகிற வீதியில் சிக்னலில் நின்றால் பிறகு கார் அசையாது. வேறொரு கராஜில் முழுக் கியர்பொக்ஸையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம்.

"நவாஸ் அண்ணை மோசம்போனது எனக்குத் தெரியாது. இனி நான் ஆரிட்டைக் காட்டுறது?" என்றார்.

"என்னட்டைக் காட்டுங்கோ."

"நீங்கள் கழட்டிப் பூட்டுறவர் தானே, தவம் அண்ணை?"

பார்த்தாயா கதையை? நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரும் பாவம். "அம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோறதே இதிலைதான். பொக்ஸ் மாத்த என்னால ஏலாது. காரை வித்துப்போட்டு இருக்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்று கண்கலங்கினார்.

உன் ஸ்கேனரை முதல் தடவையாகத் தனியே செருகினேன். பிரஷருக்கு ஒரு கோட், கியர் விகிதம் பிழை என்று ஒரு கோட், உள்ளே இருக்கிற வால்வுக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து பொக்ஸ் செத்துவிட்டது என்றே கத்தின. எனக்குக் கை அரித்தது. இறக்கிப் பழகியவனுக்கு இறக்கத்தானே தோன்றும்? நீ என்றால் கோட்டுகளை அழித்துவிட்டு, ஆளை ஓட்டவிட்டு, பக்கத்தில் இருந்து ஊர்க்கதை பேசுவாய், எது முதலில் திரும்பி வருகிறது என்று பார்ப்பாய். எனக்குக் கதை வராது, சண்டைதான் வரும். அதனால் அழித்துவிட்டு, காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்டில் விட்டேன். ஒன்றுமில்லை. ஏசியைப் போட்டேன். பெரிய லைட்டைப் போட்டேன். பின் கண்ணாடியைச் சூடாக்குகிற சுவிட்சையும் போட்டதுதான் தாமதம், மூன்றும் திரும்ப வந்து நின்றன!

யோசித்துப் பார், நவாஸ். சில்லு ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. ஓடாத காருக்குக் கியர் விகிதம் எப்படிப் பிழையாகும்? பொக்ஸ் சாகவில்லை, ஏசியும் லைட்டும் இழுக்கும்போது அதன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் ஒழுங்காய்ப் போகவில்லை. மீற்றரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பொக்ஸிலிருந்து காரின் இரும்பு உடம்புக்குப் போகிற எர்த் வயர், வெளியே பார்க்கப் புதுசு மாதிரி. வளைத்தேன், உள்ளே நொறுங்கியது. உறையைக் கிழித்தால் முழுக்கப் பச்சைத் தூள். கடலைப் பார்த்து நிறுத்துகிற கார், உப்புக் காற்றுத் தின்றுவிட்டது.

தடித்த புது வயர் போட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை வரை ஓட்டினேன். ஏசி முழுசாய், பட்டப்பகலில் லைட்டும் போட்டபடி. பம்பலப்பிட்டிச் சிக்னலில் எல்லாம் நின்று நின்று எடுத்தது. ஒரு கோட் வரவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

சாரதா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "நவாஸ் அண்ணை உங்களை நல்லாப் பழக்கிப்போட்டுத்தான் போயிருக்கிறார்."

வயிறு பற்றி எரிந்தது. அதோடு விட்டாரா? அடுத்த கிழமை தானே செய்த பட்டர் கேக்கோடு வந்தார். "இதை ஒருக்கா நவாஸ் அண்ணையின்ர வீட்டிலை குடுத்துவிடுங்கோ. நீங்களும் ஒரு துண்டு எடுங்கோ." நானே தூக்கிக்கொண்டு போனேன். உன் மனைவி பரீனா வாங்கிக்கொண்டு, "அவர் மௌத்தாகியும் மறக்காம ஈக்கிறாங்களே" என்று அழுதார். "அது நான் செய்த வேலை" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சரி, வீட்டிலாவது சொல்வோம் என்று என் மனுசியிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். "ஒரு வயர் மாத்தினதுக்கோ இவ்வளவு கதை?" என்று எழும்பிப் போய்விட்டாள். கராஜ் பொடியங்களும் "எர்த் தானே அண்ணே" என்று பிளேன்டீயைக் குடித்தார்கள்.

அந்த மூன்று கோட்டுகளையும் பார்த்துவிட்டுப் பொக்ஸில் கை வைக்காமல் நின்றது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ பாராட்டியிருக்கவும் மாட்டாய், எனக்குத் தெரியாதா உன்னை? "அது எனக்கும் தோணின தானே மச்சான்" என்று ஒரு பச்சைப் பொய் சொல்லி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு தனியே போய் இருந்திருப்பாய். பொறாமையில்.

எனக்கு அதுதான் வேணும், நவாஸ். கேக் உன் வீட்டுக்கே போகட்டும். நீ ஒரே ஒரு மத்தியானம் என்மேல் பொறாமைப்பட்டு எனக்கு முன்னால் இருக்க வேணும். இனி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட எவன் இருக்கிறான், சொல்லு?

கராஜை மூட மாட்டேன். அந்த முன்சீட்டில் நானே ஏறி இருப்பேன். உன்னால் கண்டுபிடிக்க முடியாததை ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்து, உன் தலைமாட்டில் வந்து நின்று சொல்லிச் சொல்லி உன்னை எரிய வைப்பேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
தவம்