கொழும்பிலிருந்து வந்த பட்டியல்

சேசு மரி சூசை

உப்பளம், புதுச்சேரி
18 நவம்பர் 1934, ஞாயிறு

சைகோனில் இருக்கும் அண்ணன் சகாயநாதனுக்குத் தங்கை சூசைமேரி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மழையில் கூரை ஒழுகுகிறது. உன் கட்டில் கிடந்த இடத்தில்தான் சட்டி வைத்திருக்கிறோம். உன் சைகோன் உத்தியோகத்தைப் பற்றி அம்மா மீன்காரியிலிருந்து சாமியார் வரை எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். இனி நம் ஆட்டிடம்தான் சொல்ல வேண்டும்.

என் சிநேகிதி ஞானமேரி செத்துப்போனதைப் போன கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். இப்போது முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கப்பலேறியது அக்டோபர் 22, திங்கட்கிழமை. அதற்கு முந்தின சாயங்காலத்திலிருந்தே அவளைக் காணவில்லை. ஆலையில் வேலை பார்க்கும் கலியமூர்த்தியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததில் வீட்டில் தினமும் சண்டை. கோபித்துக்கொண்டு கடலூர்ச் சித்தி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவள் அம்மா நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை, 26ஆம் தேதி, தேங்காய்த்திட்டு வலைக்காரர்கள் கழிமுகத்துச் சேற்றிலிருந்து அவளைத் தூக்கி வந்தார்கள். கழுத்தை நெரித்திருக்கிறது என்றார் டாக்டர். முகம் அடையாளம் தெரியவில்லை. ரவிக்கைக் கையில் நான் போட்டுக்கொடுத்த பின்னலைப் பார்த்து, அது அவள்தான் என்று நான்தான் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது, அண்ணா. கன்னியர் மடத்துப் பின்னல் கூடத்தில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கலியமூர்த்தி அவளோடு தெருவில் நின்று வாக்குவாதம் செய்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்காகத் தான் ஞானஸ்நானம் வாங்க நாள் குறிப்பதில் தகராறு என்று அவன் சொல்கிறான், யாரும் நம்பவில்லை. போலீஸ் கொமிசேர் அவனைப் பிடித்து அடைத்துவிட்டார். பிப்ரவரியில் வழக்கு. தலை போகும், இல்லையென்றால் தீவாந்தரம் என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் அம்மா ஆயம்மா தினமும் நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். "எம் புள்ள ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல பாப்பா, நீ அவ சிநேகிதிதானே, ஒனக்குத் தெரிஞ்சத சொல்லேன்" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு நம் வீட்டு மரித்தோர் பட்டியலை வருஷா வருஷம் எழுதுவது நீதானே. இந்த வருஷமும் மறக்காமல் கொழும்பில் கப்பல் மாறும்போது எழுதி அனுப்பியிருந்தாய். தாத்தா, அப்பா, பிறந்த மாதமே போன தம்பி அந்தோணி, கடைசியில் ஞானமேரி. சாமியார் பூசையில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அம்மா அந்தத் தாளைக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் காட்டினாள். அவர்கள் உன் எழுத்தை முத்தமிட்டு அழுதார்கள்.

போன செவ்வாய்க்கிழமை தபால்தலையைக் கிழியாமல் எடுக்கலாம் என்று அந்தப் பட்டியல் வந்த உறையை நனைக்கப் போனேன். கொழும்பு முத்திரையில் 25 அக்டோபர் என்று இருக்கிறது. அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வரை அவள் செத்தது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடலில் போய்க்கொண்டிருந்த உனக்கு யார் சொன்னது, அண்ணா?

தப்பாகப் படித்தேனோ என்று வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பட்டியல் வந்து சேர்வதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். ஜெபிக்க ஆளில்லாமல் அவள் ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகக் கூடாதே என்று பதறியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. நீ புறப்படும் முன் உன் வேட்டியில் இருந்த கருஞ்சேற்றைத் துவைத்தவள் நான்தான். படகுத்துறையில் சிநேகிதர்கள் தள்ளிவிட்டார்கள் என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டே துவைத்தேன். உன்னைக் கட்டிக்கொண்டு சைகோன் வர முடியாது என்று அவள் சொன்னதையும் நான்தான் வந்து உன்னிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவளையும் இழந்துவிட்டேன், உன்னையும் இழந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறேன், அம்மா அவளுக்காக மட்டும் அழுவதாக நினைத்துத் தேற்றுகிறாள்.

உறையை யாரிடமும் காட்டவில்லை. கொமிசேருக்கு உன் கையாலே எழுது. ஜனவரி 6, மூன்று இராஜாக்கள் திருநாள் வரை காத்திருப்பேன். அதற்குள் உன் கடிதம் வராவிட்டால், ஆயம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே போய் அந்த உறையை அவரிடம் கொடுப்பேன். அப்பாவுக்குப் பிறகு எனக்குத் தகப்பனாக இருந்தவன் நீ. உன்னைப் பிடித்துக் கொடுக்கிற வேலையை என் தலையில் வைக்காதே அண்ணா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். தேவமாதா உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இன்னமும் உன் தங்கை,
சூசைமேரி