ஓகே பட்டன்மேல் சந்தனம்

7 மார்ச் 2025, வெள்ளி
புதுக் காருக்குக் கோயிலில் பூசை. ஸ்டீயரிங்கில் பொட்டு வைக்க இடம் தேடிய ஐயர், இடது கட்டைவிரல் படும் வட்டப் பட்டன்மேல் சந்தனத்தை அப்பிவிட்டார். அதுதான் ஓகே பட்டன். பக்கத்து அம்புக்குறிகளை அழுத்தினால் திரையில் மெனு நகரும், ஓகேயை அழுத்தினால் திறக்கும். கார் விற்றவர் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

10 மார்ச், திங்கள்
சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது. வேகத்தடையில் கார் குலுங்கினால் ஓகே தானாக அழுந்துகிறது. முதல் குலுக்கலில் தொலைபேசி மெனு. அடுத்ததில் பெயர்ப் பட்டியல். அதற்கடுத்து, பட்டியலின் முதல் பெயருக்கு அழைப்பே போய்விட்டது.

முதல் பெயர் - அண்ணன். ஆயர் தாவார் ஊரில் இருக்கும் பிச்சைமுத்து அண்ணன். மகள் கல்யாணத்தில் கூடப்பிறந்த தம்பி என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவர். அன்றோடு பேச்சு நின்றது.

“யாரு?”

“நான் கூப்பிடல. கார்தான் கூப்பிட்டுச்சு.”

“அப்ப காரையே பேசச் சொல்லு லா.” வைத்துவிட்டார். என்ன திமிர்!

11 மார்ச், செவ்வாய்
சுரண்டப் போனேன். என் மனைவி குமுதா கையைத் தட்டிவிட்டாள். “சாமி பொட்டு, தானா உதிரணும். போன்ல புளூடூத்த அடச்சிருங்களேன்.”

அடைக்கலாம்தான். அடைத்தேனா? இல்லை. ஏன்?

14 மார்ச், வெள்ளி
ஜெலாப்பாங் சாலையில் மூன்று வேகத்தடை தாண்டியதும் ஒரு லாரி குறுக்கே வந்தது. “எருமமாடு!” என்று கத்தினேன். திரையில் அண்ணன்.

“யாரடா எருமங்கிற?”

“லாரிக்காரன சொன்னேண்ணே!”

“லாரி பக்கத்துல ஒட்டாத. தள்ளியே போ.”

பிறகுதான் இருவருக்கும் சண்டை ஞாபகம் வந்தது. உடனே வைத்துவிட்டோம்.

19 மார்ச், புதன்
அண்ணன் இன்று என்னிடம் பேசவில்லை. காரிடம் பேசினார்.

“ஏ காரு, ஒன் மொதலாளிகிட்ட சொல்லு. அண்ணிக்கு அடுத்த வாரம் முட்டி ஆபரேஷன். எனக்குப் பயமா இருக்கு.”

நானும் விடவில்லை. “காரே, அவருகிட்ட சொல்லு. ஒன்னும் ஆவாது, நல்லபடியா நடக்கும்.”

காரை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேசினேன். காரிடம் பேசுவதற்கா?

24 மார்ச், திங்கள்
காரை சர்வீசுக்குக் கொடுத்தேன். மெக்கானிக் நான் கேட்காமலே பிரஷ் போட்டுப் பட்டனைச் சுத்தம் செய்துவிட்டார். “இனிமே சிக்காதுண்ணே” என்று சிரிக்கிறார். அடிக்கப் போகாத குறை.

25 மார்ச், செவ்வாய்
வேகத்தடைகளில் ஒன்றும் நடக்கவில்லை.

27 மார்ச், வியாழன்
வேகத்தடை அதிகமுள்ள தாமான் குடியிருப்பு வழியாக வேண்டுமென்றே சுற்றினேன். இடுப்பு வலிதான் மிச்சம். திரை ரேடியோவை விட்டு நகரவில்லை. அண்ணிக்கு என்ன ஆனதோ - யாரிடம் கேட்பது?

28 மார்ச், வெள்ளி
வேலை முடிந்ததும் காரில் உட்கார்ந்தேன். எஞ்சினை மட்டும் போட்டேன், நகரவில்லை. அம்புக்குறியைத் தட்டித் தொலைபேசிக்கு வந்தேன். ஓகே. பெயர்ப் பட்டியல். ஓகே. அண்ணன். விரல் கொஞ்ச நேரம் பட்டன்மேலேயே இருந்தது. ஓகே.

“யாரு, காரா?”

“ஆமாண்ணே. கார்தான்.”

“இத்தன நாளா எங்க போச்சு? அண்ணி நல்லா இருக்கா. நேத்தே நடந்துட்டா.” கொஞ்சம் இருமினார். “ஞாயித்துக்கெழம அத வரச் சொல்லு. மொதப் பந்தியிலயே உக்கார வைக்கிறேன்.”